மலைப் புல்வெளி: திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியின் மேல்மலையைப் பார்க்க வருபவர்கள், மரக்கன்றோடு வந்து இறங்கும் கல்லூரிக் குழுக்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த அக்கம்பக்கத்தார் என்று எல்லாரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பெரும்பாலும் நீலகிரி, பழனி மலைகளில் 1,800 மீட்டருக்கு மேலே சோலையும் (மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டை மரக் காடு) புல்லும் கலந்து கிடக்கும் இடங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

"வெறும் புல்லுதானே சார், இதுல பாதுகாக்க என்ன இருக்கு?"

ஒரு நிமிடம் கீழே உட்கார்ந்து பாருங்கள். முக்குருத்தி பக்கமோ மேல்பவானி பக்கமோ உள்ள புல், பூங்காவில் விரித்த புல்தரை மாதிரி இருக்காது. குத்துக்குத்தாகத் தூர் கட்டி நிற்கும். பிப்ரவரி மாதம் மேலே எல்லாம் மஞ்சளாகப் பழுத்துக் காய்ந்திருக்கும்போதுகூட ஒரு தூரை விரலால் விலக்கினால், அடியில் பழைய புல்தாள் மக்கி, மண் கறுப்பாக ஈரத்தோடு இருக்கும். தூருக்கும் தூருக்கும் நடுவே தரையில் முளைக்கும் ஆர்க்கிட், பூச்சியைப் பிடித்துத் தின்னும் டிரோசெரா, குறிஞ்சிப் புதர் என்று ஒரு கூட்டமே இருக்கும்.

இந்தப் புல்வெளியிலிருந்து நமக்கு வருவது என்ன என்று கேட்டால் முதலில் ஆற்றுத் தண்ணீர், அப்புறம் மேய்ச்சல், மண்ணுக்குள் பூட்டி வைத்த கார்பன், வரையாட்டுக்கு வாழிடம், தோடர்களின் கோயில் கூரைக்குப் புல். இதில் எதுவும் தானாக நிலைத்து நிற்பதில்லை. எங்கே தீ வைக்கிறோம், எவ்வளவு மேய்க்கிறோம், எதை நடுகிறோம், எதைப் பிடுங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

"ஒரு காலத்துல இது பூரா காடா இருந்திருக்கும், வெட்டினதாலதான் புல்லு வந்துச்சுன்னு எங்க வாத்தியார் சொன்னாரே?"

நிறைய பேர் அப்படித்தான் நினைத்தார்கள், விஞ்ஞானிகள் உட்பட. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஒரு பழைய சதுப்பு இருக்கிறது. செடிகொடி முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த மண் அங்கே உண்டு. அந்த அடுக்குகளில் உள்ள கார்பனைச் சோதித்தால் அந்தந்தக் காலத்தில் சுற்றிலும் இருந்தது வெப்பமண்டலப் புல்லா, மரமா என்று தெரிந்துவிடும், ஏனென்றால் இரண்டும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. 1993-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி இங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல்வெளி இருந்திருக்கிறது. பருவநிலை மாற மாறக் காடு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது, புல் மட்டும் முழுதாகப் போனதே இல்லை. மனிதன் கோடரி எடுப்பதற்கு எவ்வளவோ முந்தைய சங்கதி இது.

ஏன் மரம் வந்து மூடவில்லை என்றால் முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் வந்தவர்களுக்குத் தெரியும், புல் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். சோலை மரத்தின் இளங்கன்று திறந்தவெளியில் அந்தக் குளிரைத் தாங்காமல் கருகிவிடும். சோலைக்குள்ளே நிழலில் அது பிழைத்துக்கொள்ளும். தீயும் மேய்ச்சலும் அதற்கு மேல் சேர்ந்த காரணங்கள்.

"தண்ணியைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வைக்கிறது சோலைதானே? புல்லு என்ன பண்ணுது?"

சோலை செய்யும் வேலை உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மலையின் நீர்க்கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பது ஒன்று, இறங்கியதில் எவ்வளவைச் செடியே உறிஞ்சிக் காற்றில் விடுகிறது என்பது இன்னொன்று. புல் இந்த இரண்டாவது கணக்கில் மிகச் சிக்கனம். வேர் ஆழமாகப் போவதில்லை, ஜனவரி முதல் மார்ச் வரை பழுத்து ஓய்ந்துவிடும், அந்தச் சமயத்தில் அது எடுக்கும் தண்ணீர் சொற்பம். இறங்கின மழை மெதுவாகச் சரிந்து பள்ளத்துச் சதுப்புக்கு வந்து, அங்கிருந்து ஓடையாகக் கசிகிறது. மரத்தோட்டம் வருடம் முழுக்கப் பச்சையாக நின்று வருடம் முழுக்க உறிஞ்சும்.

இந்தக் கசிவு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தா திட்டத்து அணைகள் எல்லாம் இந்தச் சரிவுகளின் கீழேதான். பவானியும் மோயாறும் பவானிசாகரில் சேர்ந்து ஈரோட்டு வாய்க்கால்களுக்குப் போகின்றன. கோபியில் நாற்று நடுபவருக்கும் இந்தப் புல்லுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

"கற்பூர மரம் தண்ணி குடிக்கும்னு சும்மா சொல்றதா, யாராவது அளந்து பார்த்திருக்காங்களா?"

அளந்திருக்கிறார்கள், அதுவும் நம் நீலகிரியிலேயே, கிளென்மார்கனில். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயற்கையாக இருந்தபடியே விட்டு, இன்னொன்றின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் 1972-இல் நீலக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, இரண்டின் ஓடையிலும் வந்த தண்ணீரை வருடக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்ததை வளரவிட்ட இரண்டாவது சுற்றில் இந்தக் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது எண். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது, மேலே புதுத்துளிர் வேகமாக வளர்கிறது, ஆகவே முதல் சுற்றைவிட அதிகமாக இழுக்கிறது. "வெட்டிட்டோம்ல, விடுங்க" என்று சும்மா இருந்துவிட்டால் பிரச்சினை கூடத்தான் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. கோடையில், தண்ணீர் மிகத் தேவைப்படும் மாதங்களில், ஓடை மெலிந்ததும் அதே ஆய்வில் தெரிந்தது.

"அப்ப மண்சரிவு? மரம் இருந்தாத்தானே மண்ணைப் பிடிக்கும், வெள்ளமும் குறையும்?"

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. சாதாரண மழைக்கும் கொஞ்சம் பலத்த மழைக்கும் மரத்தோட்டம் ஓடையின் உச்ச வேகத்தைக் குறைக்கும், ஏனென்றால் மண்ணை ஏற்கெனவே உறிஞ்சிக் காயவைத்திருக்கும். அதே காரணத்தால்தான் கோடையில் ஓடையும் வற்றுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் கதை.

ஆனால் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு முன்னால் எந்த மண்ணும் ஊறி நிரம்பிவிடும், மேலே என்ன நின்றாலும் சரி. மழைக்காலத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது செங்குத்தாக வெட்டின சாலையோரம், வடிகால் அடைத்துக் கட்டின வீடு, சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்த கேரட், உருளைக்கிழங்கு வயல். நெருக்கமாகத் தூர் கட்டின பழைய புல்வெளியில் மேல்மண் சுலபத்தில் கரைந்து வராது. மழை நாளில் ஒரு புல்வெளி ஓடையையும் ஒரு காய்கறி வயலை ஒட்டிய ஓடையையும் பார்த்தால் தண்ணீரின் நிறமே சொல்லிவிடும்.

"பருவநிலை மாற்றத்துக்கு மரம்தான் தீர்வுன்னு உலகமே சொல்லுது. கார்பனை மரம்தானே அதிகமா வச்சிருக்கும்?"

மண்ணுக்கு மேலே மட்டும் கணக்குப் போட்டால், ஆமாம். புல்வெளி தன் கார்பனில் பெரும்பகுதியை வேரிலும் மண்ணிலும் வைத்திருக்கிறது. முதல் பதிலில் சொன்ன அந்தக் கறுத்த மண் அதுதான், பல ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு. உலகின் பல பகுதிகளில் மேய்ச்சல் நிலத்தை மரத்தோட்டமாக மாற்றிய ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் பார்த்தபோது மண்ணில் இருந்த கார்பன் சராசரியாக 10 சதவீதம் குறைந்திருந்தது.

மொத்தமாகக் கூட்டினால் மரத்தோட்டத்தின் கணக்கு சில வருடங்களுக்கு அதிகமாகவே தெரியலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரம் ஆலைக் கூழுக்கோ விறகுக்கோ போனால் கார்பன் திரும்பக் காற்றுக்குத்தான் வரும், ஒரு கடுந்தீ வந்தாலும் அப்படித்தான். புல்வெளியில் தீ போனால் எரிவது அந்த வருடத்துத் தாள், மண்ணுக்குள் இருப்பது அங்கேயே இருக்கும். கார்பன் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தண்ணீரையும் வரையாட்டையும் விலையாகக் கொடுக்க வேண்டி வரும், அந்த விலை எனக்கு மிக அதிகமாகத் தெரிகிறது.

"இவ்வளவு நல்ல புல்வெளின்னா யார்தான் மரம் நட்டு கெடுத்தது?"

சீகையும் (தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் இல்லை, வாட்டில் மரம்) கற்பூர மரமும் 1840-களில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவை, ஊட்டியில் விறகுக்குத் தட்டுப்பாடு இருந்தது. பெரிய அளவில் நட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கை இழை ஆலைக்குக் கூழ்மரம் என்று அரசே திட்டம் போட்டு நட்டது. அன்றைக்குப் புல்வெளி என்றால் பயனில்லாத தரிசு என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை, நாட்டின் தரிசு நில வரைபடங்களில் இன்றும் பல புல்வெளிகள் தரிசு என்றே வருகின்றன.

பழனி மலையில் 1970-களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. காரணம் மரத்தோட்டமும் விவசாயமும். நட்டது ஒரு பகுதிதான், மீதியைச் சீகை தானாகவே பரவிப் பிடித்துக்கொண்டது.

"தீ வைக்கிறது நல்லதா கெட்டதா? ஒருத்தர் ஒண்ணு சொன்னா இன்னொருத்தர் வேற சொல்றாங்க."

இரண்டு பேரும் வேறு வேறு புல்வெளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதனால்தான் குழப்பம். அந்நிய மரமே நுழையாத சுத்தமான புல்வெளியில், வறண்ட காலத் தொடக்கத்தில், தாளில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே திட்டுத்திட்டாக எரித்தால் தீ வேகமாக, சூடு குறைவாகக் கடந்துவிடும். புல்லின் குருத்து தரைமட்டத்தில் தூருக்குள் பத்திரமாக இருப்பதால் சில வாரத்தில் துளிர்விடும். தோடர்கள் தங்கள் எருமைகளுக்குப் புதுப்புல் வேண்டி இப்படித்தான் எரித்துவந்தார்கள். கேரளத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் முதுவர் பழங்குடியினரை வைத்துத் திட்டுத்திட்டாக எரிக்கும் வழக்கம் இருந்தது, வரையாடு அந்தத் துளிரை விரும்பித் தின்னும். தீயே வேண்டாம் என்று பல வருடம் தடுத்து வைத்தால் காய்ந்த தாள் குவிந்து, என்றாவது மார்ச் கடைசியில் தப்பித்தவறிப் பிடிக்கும் தீ சோலை ஓரத்தையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

சீகை நுழைந்த இடத்தில் கதையே வேறு. சீகை விதையின் ஓடு கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டு செத்துப்போகாமல் கிடக்கும். தீயின் சூடு பட்டால் அந்த ஓடு வெடித்து, அடுத்த மழைக்குக் கால் வைக்க இடமில்லாமல் கன்று முளைக்கும். ஆகவே அங்கே எரிப்பது சீகைக்கு விதைப்புச் செய்து கொடுப்பதற்குச் சமம்.

இன்னொன்று, வனநிலத்தில் யார் வேண்டுமானாலும் தீக்குச்சி கிழிக்கலாம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சட்டப்படி குற்றம். எரிப்பது என்றால் வனத்துறையும் அந்த நிலத்தை அறிந்த பழங்குடிகளும் சேர்ந்து முடிவெடுத்துச் செய்ய வேண்டிய காரியம்.

"மாடு மேய விட்டா புல்வெளி அழிஞ்சிடாதா?"

எண்ணிக்கையைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. தோடர் எருமை மந்தைகள் ஒரே இடத்தில் நிற்காமல் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ந்தன. புல்லுக்கு ஓய்வு கிடைத்தது, மேய்ச்சல் இருந்ததால் புதரும் தலைதூக்கவில்லை. ஊருக்குப் பக்கத்திலோ வருடம் முழுக்க ஒரே சரிவில் மாடும் குதிரையும் நின்றால் தூர்ப்புல் தேய்ந்து, படர்ந்து வளரும் கிக்குயூ புல் வந்துவிடும். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். பச்சைப்பசேல் என்று அழகாக இருக்கும், மாடு தின்னும், ஆனால் மற்ற செடிக்கு இடம் விடாது.

மேய்ச்சலை அடியோடு நிறுத்தினாலும் எல்லாம் சரியாகிவிடாது. எருமை குறைந்து, தீயும் நின்ற இடங்களில் புதரும் களையும் ஏறுகின்றன. மேல்பவானி பக்கம் மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதர் புல்வெளிக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

"சீகையை எல்லாம் ஒரே மூச்சுல வெட்டிட்டா புல்லு தானா வந்துடுமா?"

வராது. மேலே விதையைப் பற்றிச் சொன்னேன். வெட்டி வெளிச்சம் விட்ட உடனே அந்த விதை முளைக்கும். வெள்ளிச் சீகை என்றால் வேரிலிருந்தும் கிளம்பும், கற்பூர மரம் கட்டையிலிருந்து துளிர்க்கும். அதோடு சீகை அவரைக் குடும்பம், வருடக்கணக்கில் மண்ணில் நைட்ரஜனை ஏற்றியிருக்கும், அந்தக் கொழுப்பு மண்ணில் நம் புல்லை முந்திக்கொண்டு களைதான் வளரும். ஆகவே வெட்டுவது வேலையின் சின்னப் பகுதி. வருடா வருடம் திரும்பப் போய்க் கன்றைக் கையால் பிடுங்குவதுதான் பெரிய பகுதி, பணம் அதற்குத்தான் ஒதுக்க வேண்டும். வெட்டுகிற வருடம் படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருடம் யாரும் வராத திட்டங்கள் புல்வெளிக்கு நல்லது செய்ததைவிடக் கெட்டது செய்தது அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நல்ல புல்வெளியின் ஓரத்திலிருந்து. அங்கே நாலைந்து அடி உயரத்தில் சிதறி நிற்கும் இளஞ்சீகையைப் பிடுங்கினால் அடியில் புல் இன்னும் உயிரோடு இருக்கும், தானே மூடிக்கொள்ளும். செலவும் குறைவு. நடுக்காட்டில் ஐம்பது வருட மரத்தை வெட்டின இடத்தில் புல் வேண்டும் என்றால் உள்ளூர்ப் புல்லின் தூரைப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்துக் கொண்டுபோய் நட வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்கத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது, அதே ஆண்டில் வரையாடு திட்டத்தையும் அறிவித்தது, அதிலும் புல்வெளி மீட்பு இருக்கிறது.

"பழனி மலையில சீகைக் காட்டுக்குள்ளயே சோலை மரம் முளைச்சிருக்கே, அதையும் வெட்டணுமா?"

வெட்டவே கூடாது. கொடைக்கானல் பக்கம் பல பழைய சீகைத் தோட்டங்களுக்குள் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வந்து நன்றாக வளர்ந்திருக்கின்றன. இரண்டாவது பதிலில் உறைபனி பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்நிய மரத்தின் நிழல் இங்கே உறைபனியை மறைத்துக்கொடுக்கிறது, பறவைகள் விதையைப் போடுகின்றன. அந்த இடத்தில் சீகையை மொட்டையடித்தால் சோலைக்கன்றும் சாகும், புல்லும் வராது, மறுபடி சீகைதான் வரும்.

பழையபடி புல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க இதில் ஒன்றுமில்லை. அது போகிற போக்கில் சோலையாகட்டும், சீகை காலப்போக்கில் விழட்டும். மிச்சம் இருக்கும் புல்வெளியைக் காப்பதில் அந்தக் காசையும் ஆளையும் போடலாம்.

"சீகை விறகை நம்பித்தான் எங்க வீட்டு அடுப்பே எரியுது. எல்லாத்தையும் எடுத்துட்டா நாங்க என்ன பண்றது?"

நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் புல்வெளியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கும். எல்லாவற்றையும் எடுக்கப்போவதில்லை, எடுக்கவும் முடியாது, அவ்வளவு இருக்கிறது. ஊரை ஒட்டிய தோட்டங்கள் விறகுக்கு இருக்கட்டும், மேல்மலையில் நீர்ப்பிடிப்பும் வரையாட்டு நடமாட்டமும் உள்ள பகுதிகள் புல்லாக இருக்கட்டும். ஓரத்தில் பிடுங்கும் இளஞ்சீகையை விறகாக எடுத்துப்போகப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முறைப்படி அனுமதி தந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும்.

"வரையாடு மட்டும்தான் புல்வெளியை நம்பியிருக்கா?"

அது பெரிய பெயர். 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருந்தன. நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை இருக்கிறது, கூடு கட்டுவதும் இரை தேடுவதும் இந்த உயர்மலைப் புல்வெளியில்தான், வேறு போக்கிடம் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. தோடர் கோயிலின் கூரைப் புல் மலைச் சதுப்பில் மட்டும் வளரும் ஓர் அரிய வகை. சதுப்பை வடித்துக் காய்கறி போட்டால் அந்தப் புல்லோடு கூரை வேயும் வழக்கமும் சேர்ந்து போகும்.

"எங்க ஊரு காங்கேயம். நீங்க சொல்றதை எங்க மேய்ச்சல் காட்டுக்கும் எடுத்துக்கலாமா?"

அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கொறங்காடு மனிதர் உருவாக்கிப் பராமரித்த மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப்புல், வேலிக்குள் மாற்றி மாற்றி மேய்ச்சல். அங்கே அந்த மரம் வேண்டும், நிழலும் கொடுக்கிறது, காயும் மாடு ஆடு தின்கிறது. உறைபனியும் இல்லை, எரிப்பதும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது மேய்ச்சலுக்கு இடையே புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பது. இரண்டையும் தரிசு என்று யாரோ எழுதிவைத்து வேறு வேலைக்குக் கேட்கிறார்கள் என்பதும்.

"ஏற்கெனவே இருநூறு கன்னு வாங்கிட்டோம், நாளைக்கு வண்டி வருது. எங்கதான் நடறது?"

முதலில் என்ன கன்று என்று பாருங்கள். சில்வர் ஓக், சீகை, கற்பூரம், பைன் என்றால் மேல்மலைக்கு ஏற்றவே வேண்டாம். நாவல் வகை, செண்பகம் போன்ற சோலை மரங்கள் என்றால், தேய்ந்துபோன சோலையின் ஓரம், சோலையை ஒட்டிய ஓடைக்கரை, எஸ்டேட்டின் காலி மூலை, பள்ளி வளாகம் இவை சரியான இடங்கள். வனநிலம் என்றால் ரேஞ்சரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட முதல் குளிர்காலத்தில் உறைபனிக்கு வைக்கோலோ சருகோ போட்டு மூட ஆள் வேண்டும், அதற்கு யார் வருவார்கள் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

திறந்த புல்வெளியில் மட்டும் குழி தோண்டாதீர்கள். ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம், ஏதாவது செய்ய வேண்டும் என்றால் புல்வெளி ஓரத்துச் சீகைக் கன்றைப் பிடுங்கும் வேலை இருக்கிறது, ஜூன், ஜூலையில் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். கையுறை கொண்டு வாருங்கள்.